அயல்நாட்டுச் சிற்றூரில் ஓய்வுக்கால இல்லம்: கட்டுவதற்கு முன் அறிய வேண்டிய மூன்று உரிமைகள்

மும்பை மாட்டுங்காவில் நான் பணியாற்றும் கிளைக்குச் சென்ற ஆண்டின் தொடக்கத்தில் ஒரு தம்பதியர் வந்தனர். கணவர் ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மனைவி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. ஒரே மகன் தாய்லாந்தில் பணிபுரிகிறார். மகனைக் காணச் சென்றிருந்தபோது, அந்நாட்டின் வடகோடியிலுள்ள சியாங் ராய் மாகாணத்தின் சிற்றூர் ஒன்றில் இருவரும் சில வாரங்கள் தங்கியிருக்கின்றனர். நெல்வயலும் மலையும் அமைதியும் அவர்களைக் கவர்ந்துவிட்டன. எஞ்சிய காலத்தை அங்கேயே கழிப்பதென முடிவு செய்துவிட்டனர்.

அவர்களது திட்டம் எளிமையானது. செம்பூரில் இருவர் பெயரிலும் உள்ள அடுக்கக வீட்டை விற்பது. அதில் 40 லட்சம் ரூபாயைத் தாய்லாந்துக்கு அனுப்பி நிலம் வாங்கிச் சிறு வீடு கட்டுவது. மீதியை வைப்புத்தொகையாக்கி அதன் வட்டியிலும் ஓய்வூதியத்திலும் வாழ்வது. அயல்நாட்டவர் அங்கு நிலம் வாங்க இயலாது என்பதால், மகனின் நண்பரான உள்ளூர்க்காரர் ஒருவர் தம் பெயரில் நிலத்தை வாங்கித் தர முன்வந்திருந்தார். அவர்கள் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “பணம் போய்ச் சேர எத்தனை நாளாகும்?”

பணம் போய்ச் சேர ஓரிரு வேலை நாட்களே போதும். அந்தப் பணத்தால் கிடைக்கும் வீடு யாருடையது, அதில் எத்தனை காலம் தங்கலாம் என்பவையே முதலில் கேட்க வேண்டிய கேள்விகள். சொந்த ஊரில் வீடு கட்டும்போது பணம், மண், குடியிருப்பு ஆகிய மூன்றும் ஒரே பத்திரத்தில் அடங்கிவிடுகின்றன. அயல்நாட்டில் இவை மூன்றும் தனித்தனி உரிமைகள். ஒன்று கிடைத்துவிட்டதால் மற்றொன்றும் கிடைத்துவிட்டதாகக் கொள்ளலாகாது. அத்தம்பதியருக்கு விளக்கியதையே, தாய்லாந்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, நம் வாசகர்களுக்கும் இங்கு விளக்க விரும்புகிறேன்.

முதல் உரிமை: பணம் அனுப்புதல்

இந்தியாவில் வசிக்கும் தனிநபர், தாராளமயமாக்கப்பட்ட பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ், ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். 2004-இல் 25,000 டாலர் வரம்புடன் தொடங்கப்பட்ட திட்டம் இது. வெளிநாட்டில் அசையாச் சொத்து வாங்குவதும் இதில் அனுமதிக்கப்பட்ட நோக்கமே. 2022 ஆகஸ்டில் வெளியான வெளிநாட்டு முதலீட்டு விதிகளும் இதை உறுதி செய்கின்றன. ஏ-2 படிவமும் நிரந்தரக் கணக்கு எண்ணும் கட்டாயம். முதலீட்டு நோக்கத்திற்கு அனுப்புவோர், அந்த வங்கியில் குறைந்தது ஓராண்டாவது கணக்கு வைத்திருக்க வேண்டும். இல்லையெனில் முந்தைய வங்கியின் கணக்கு அறிக்கை கேட்கப்படும்.

இங்கு நினைவில் கொள்ள வேண்டியவை நான்கு.

ஒன்று, இதற்கு வங்கிக் கடன் கிடையாது. இத்திட்டத்தின் கீழ் வெளிநாட்டில் சொத்து வாங்குவதற்காக இந்திய வங்கிகள் கடன் வழங்க அனுமதி இல்லை. சொந்தச் சேமிப்பிலிருந்தே அனுப்ப வேண்டும்.

இரண்டு, வரி வசூல். 2025 ஏப்ரல் 1 முதல், கல்வி, மருத்துவம் போன்றவை நீங்கலான நோக்கங்களுக்கு ஒருவர் ஒரு நிதியாண்டில் அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 20 சதவீதம் வரி மூலத்திலேயே வசூலிக்கப்படுகிறது. 40 லட்சம் ரூபாயை ஒருவரே ஒரே ஆண்டில் அனுப்பினால், 10 லட்சம் போக மீதி 30 லட்சத்திற்கு 6 லட்சம் ரூபாய் வசூலாகும். ஆக, அவரது கணக்கில் 46 லட்சம் இருக்க வேண்டும். இது கூடுதல் செலவன்று. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது ஈடு செய்துகொள்ளலாம், மிகுதியைத் திரும்பப் பெறலாம். ஆயினும் அதுவரை அத்தொகை கையில் இராது.

மூன்று, கணவன் மனைவி இருவரும் தத்தம் பணத்தைத் தனித்தனியே அனுப்பலாம். வரம்பு ஒவ்வொருவருக்கும் தனி. ஆனால் பணம் அனுப்பும் இருவரும் அச்சொத்தின் கூட்டு உரிமையாளர்களாக இருக்க வேண்டும். சொத்து ஒருவர் பெயரிலும் பணம் இருவர் கணக்கிலிருந்தும் என்பது விதிக்கு ஒவ்வாது.

நான்கு, அனுப்பிய பணத்தை அங்கே சும்மா வைத்திருக்கக் கூடாது. பயன்படுத்தப்படாத, முதலீடு செய்யப்படாத தொகையை 180 நாட்களுக்குள் இந்தியாவுக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். வீடு கட்டுவோர் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். கட்டுமானம் தாமதமானால், மொத்தமாக அனுப்பிய பணம் இவ்விதிக்கு மாறாகத் தேங்கி நிற்கும். எனவே பணி நடக்க நடக்கத் தவணைகளாக அனுப்புவதே முறை.

இரண்டாம் உரிமை: மண்ணும் வீடும்

தாய்லாந்தின் நிலச் சட்டம் 1954-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன்படி, தனிப்பட்ட அயல்நாட்டவர் நடைமுறையில் நிலத்தின் உரிமையாளராக முடியாது. 4 கோடி பாட் முதலீடு செய்வோருக்கு ஒரு ராய், அதாவது 1,600 சதுர மீட்டர் வரை குடியிருப்பு நிலம் வாங்க விதிவிலக்கு உண்டு. அதுவும் குறிப்பிட்ட நகரப் பகுதிகளில் மட்டுமே. அடுக்ககக் கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரை அயல்நாட்டவர் வாங்கலாம் என்பது நகரவாசிகளுக்குப் பயன்படும். சிற்றூரில் தனி வீடு கட்ட விரும்புவோருக்குப் பயன்படாது.

அவ்வாறாயின், நம்பிக்கைக்குரிய உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கினால் என்ன? அத்தம்பதியர் அதைத்தான் எண்ணினர். பினாமி ஏற்பாட்டை அந்நாட்டுச் சட்டம் குற்றமாகக் கருதுகிறது. அயல்நாட்டவருக்கும் பெயர் கொடுத்தவருக்கும் 20,000 பாட் வரை அபராதம், ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்; நிலத்தை விற்றுவிடுமாறு உத்தரவும் வரலாம். சட்டம் கண்டுகொள்ளாமல் போனாலும் இடர் தீராது. பெயர் கொடுத்தவர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் இறந்தால் நிலம் அவருடைய வாரிசுகளுக்குப் போகும், அவர் கடன்பட்டால் கடன்காரர் அதன் மீது கை வைப்பார். உங்கள் பணம் அதில் உள்ளது என்பதை நிலைநாட்ட எந்த நீதிமன்றத்திலும் உங்களிடம் ஆவணம் இராது.

சட்டபூர்வமான வழிகள் மூன்று உள்ளன. மூன்றும் தாய்லாந்தின் உரிமையியல், வணிகச் சட்டத் தொகுப்பில் உள்ளவை. நில அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் இவற்றுக்கு முழுப் பாதுகாப்பு.

குத்தகை: அதிகபட்சம் 30 ஆண்டுகள். மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும். மொத்த வாடகையில் 1 சதவீதம் பதிவுக் கட்டணமும் 0.1 சதவீதம் முத்திரைத் தீர்வையும் ஆகும். “30 ஆண்டு முடிந்ததும் மேலும் 30 ஆண்டு நீட்டிக்கப்படும்” என்று எழுதிக் கொடுப்பது வழக்கம். அந்நீட்டிப்பு தானாகச் செல்லுபடியாகாது. குத்தகைதாரர் இறந்தால், வேறு ஏற்பாடு ஒப்பந்தத்தில் இல்லாதவிடத்து, குத்தகை முடிந்துவிடும்.

அனுபவ உரிமை: பிறருடைய நிலத்தையும் வீட்டையும் பயன்படுத்தி அதன் பலனை நுகரும் உரிமை. ஆயுட்காலம் வரை பெறலாம். அந்த ஆயுளுடன் அது முடிந்துவிடும், வாரிசுக்குச் செல்லாது.

மேற்கட்டுமான உரிமை: நிலம் ஒருவருடையதாகவும், அதன் மேல் கட்டிய வீடு மற்றொருவருடையதாகவும் இருக்க இது வழி செய்கிறது. 30 ஆண்டுகள் வரை, அல்லது ஆயுட்காலம் வரை பெறலாம். வேறுவிதமாக எழுதப்படாதவிடத்து இவ்வுரிமையை மாற்றிக் கொடுக்கலாம், வாரிசுக்கும் செல்லும். வீடு கட்ட விரும்பும் அயல்நாட்டவருக்கு இதுவே பெரும்பாலும் பொருத்தமானது. உள்ளாட்சி அமைப்பு தரும் கட்டட அனுமதியும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். வீடு உங்களுடையது என்பதற்கு அது முக்கியச் சான்று.

நிலத்தின் பத்திரத்தையும் பார்க்க வேண்டும். ‘சானோட்’ எனப்படுவதே அளந்து எல்லை வரையறுத்த முழு உரிமைப் பத்திரம். சிற்றூர்ப் பகுதிகளில் ‘சோர் போர் கோர் 4-01’ என்ற நிலமும் மிகுதி. 1975-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டப்படி வேளாண்மைக்காக உழவர்களுக்கு அளிக்கப்பட்டது அது. குறைந்த விலையில் கிடைக்கும் நிலம் எனச் சொல்லப்பட்டால் அந்த ஐயம் முதலில் எழ வேண்டும். அதில் ஓய்வுக்கால இல்லம் கட்ட எண்ணுவது வீண்.

இந்தியச் சட்டத்தின் கண்ணோட்டமும் இங்குண்டு. ஐந்து ஆண்டுகளுக்கு மேற்படாத குத்தகை, வெளிநாட்டு அசையாச் சொத்து குறித்த விதியின் கட்டுப்பாட்டிற்குள் வராது. 30 ஆண்டுக் குத்தகை அதற்குள் வரும். இந்தியாவில் வரிவழி வசிப்பவராக நீங்கள் நீடிக்கும் வரை, வெளிநாட்டுச் சொத்தை வருமான வரிக் கணக்கின் எஃப்.ஏ. அட்டவணையில் ஆண்டுதோறும் காட்ட வேண்டும். காட்டத் தவறினால் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்படலாம்.

மூன்றாம் உரிமை: தங்குதல்

வீடு இருப்பதால் விசா கிடைத்துவிடாது. தாய்லாந்தின் ஓய்வுக்கால விசாவுக்கு 50 வயது நிறைந்திருக்க வேண்டும். வங்கியில் 8 லட்சம் பாட் வைப்போ, மாதம் 65,000 பாட் வருமானமோ காட்ட வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 90 நாட்களுக்கு ஒருமுறை இருப்பிடத்தைத் தெரிவிக்க வேண்டும். 8 லட்சம் பாட் என்பது கட்டுமானச் செலவில் சேராத தொகை. இதை மறந்து கையிருப்பு முழுவதையும் சுவரில் போட்டுவிட்டால், வீடு நிற்கும். நீங்கள் நிற்க இயலாது.

ஓர் ஆண்டில் 180 நாட்கள் அங்கு தங்குவோர் அந்நாட்டின் வரி வரம்புக்குள் வருகின்றனர். வெளிநாட்டில் ஈட்டி அங்கே கொண்டுவரும் வருமானத்திற்கு 2024 ஜனவரி 1 முதல் புதிய நடைமுறை உள்ளது. இந்தியா, தாய்லாந்து இடையே இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தமும் உண்டு. ஓய்வூதியம் எங்கு, எவ்வாறு வரிக்குட்படும் என்பதைத் தகுதி பெற்ற கணக்காயரிடம் முன்னரே கேட்டறிவது நன்று.

நிலையாக அங்கு குடியேறினால், இங்குள்ள சேமிப்புக் கணக்கை வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அதிலிருந்து, உரிய வரிச் சான்றுடன், ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். ஆண்டுதோறும் அளிக்க வேண்டிய உயிர்வாழ் சான்றிதழை இந்தியத் தூதரகத்தின் வழியாகவும் அளிக்கலாம். இந்திய மருத்துவக் காப்பீடுகளில் பெரும்பாலானவை இந்தியாவில் பெறும் சிகிச்சைக்கு மட்டுமே பொருந்தும் என்பதையும் கருத்தில் கொள்க.

பருவமும் நிதியாண்டும்

அங்கு மழைக்காலம் ஏறத்தாழ மே முதல் அக்டோபர் வரை. தாழ்ந்த நிலத்தில் வீடு கட்டுவோர், முதலில் மண் கொட்டி மேடாக்கி, ஒரு மழைக்காலம் முழுவதும் அது இறுகிப் படிய விட்டு, பின்னரே அடித்தளம் போடுவர். அவசரப்பட்டால் சுவர் வெடிக்கும். இந்தக் காத்திருப்பு நமக்கும் ஏற்றது. மார்ச்சுக்குள் உரிமைப் பதிவுக்கும் மண் நிரப்பவும் ஒரு பகுதித் தொகையை அனுப்பலாம். மழை ஓய்ந்து கட்டுமானம் தொடங்கும் நவம்பரில் அடுத்த நிதியாண்டின் தொகையை அனுப்பலாம். கூட்டு உரிமையாளர்களான கணவனும் மனைவியும் இரு நிதியாண்டுகளில் ஆளுக்குப் பத்துப் பத்து லட்சம் அனுப்பினால், அதே 40 லட்சத்திற்கு மூலத்தில் வரி வசூல் எதுவும் இராது. ஒவ்வொரு முறையும் அங்குள்ள வங்கி தரும் வரவுச் சான்றைப் பத்திரப்படுத்துங்கள். பிற்காலத்தில் விற்றுப் பணத்தைத் திரும்பக் கொண்டுவரும்போது அது கேட்கப்படும்.

அந்தத் தம்பதியர்

இவற்றையெல்லாம் கேட்ட பின் அந்த அம்மையார் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, “அந்த நண்பர் நல்ல பிள்ளைதான். ஆனாலும் அவருடைய பிள்ளைகளை நாங்கள் பார்த்ததே இல்லை” என்றார். அன்று அவர்கள் பணம் அனுப்பவில்லை.

செம்பூர் வீட்டை விற்காமல் வாடகைக்கு விட்டனர். அதே சிற்றூரில் ஓராண்டுக் குத்தகைக்கு ஒரு வீடு பிடித்தனர். சென்ற அக்டோபரில் கணவர் தொலைபேசியில் பேசினார். மழையில் ஊருக்குச் செல்லும் சாலை இருமுறை நீரில் மூழ்கியதாம். அவர்கள் வாங்க நினைத்த நிலம் அச்சாலைக்கும் அப்பால் உள்ளதாம். மாவட்ட மருத்துவமனைக்கு அருகில், சானோட் பத்திரமுள்ள வேறொரு மனையில், இருவர் பெயரிலும் மேற்கட்டுமான உரிமை பெறப் பேசி வருகின்றனர். செம்பூர் வீடு இன்னும் அவர்கள் பெயரிலேயே உள்ளது. திரும்பி வர நேர்ந்தால் அதன் கதவு அவர்களுக்குத் திறந்திருக்கும்.

நாடு மாறினால் சட்டம் மாறும். கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் மாறுவதில்லை. பணம் முறையாகச் செல்கிறதா? மண்ணிலும் வீட்டிலும் என் பெயர் எந்த ஏட்டில் பதிவாகிறது? அங்கு தங்க எனக்கு எத்தனை காலம் அனுமதி உண்டு? இம்மூன்றுக்கும் எழுத்து வடிவில் விடை கிடைத்த பின் ஏ-2 படிவத்துடன் உங்கள் கிளைக்கு வாருங்கள். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், அனுப்பும் நாளில் நடைமுறையில் உள்ளவற்றைக் கிளை அலுவலரிடமும், அந்நாட்டுச் சட்டத்தை அங்குள்ள வழக்கறிஞரிடமும் உறுதி செய்துகொள்ள வேண்டுகிறோம்.