ஓடுகிற பிள்ளை படிக்க மாட்டானா?



சாயந்திரம் ஆனால் நம் வீடுகளில் ஒரே சத்தம்: "ஆடினது போதும், புத்தகத்தை எடு!" திடலுக்குப் போனால் பிள்ளையின் படிப்பு கெட்டுவிடும் என்று பயம். அந்தப் பயம் சரிதானா? ஒருவருடைய வாழ்க்கையை வைத்தே பார்ப்போம்.

டாக்டர் மணி ஜெகதீசன், நம் நாட்டின் விரைவோட்ட வீரர். 1943-இல் பிறந்தவர். 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் ஓடியபோது அவருக்கு வயது 16தான். 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 200 மீட்டரில் தங்கம் வாங்கினார். 1966-இல் பாங்காக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், அஞ்சலோட்டம் என மூன்று தங்கம். அந்த ஆண்டுகளில்தான் சிங்கப்பூரில் மருத்துவமும் படித்தார். 'பறக்கும் டாக்டர்' என்று மக்கள் பெயர் வைத்தார்கள். 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017 வரை, 49 ஆண்டுகள், நின்றது.

பாங்காக்கில் 400 மீட்டர் தங்கம் வென்ற மு. ராஜாமணியும் நம் பெண்தான். 1966-இல் நாட்டின் முதல் சிறந்த விளையாட்டு வீரர் விருது ஜெகதீசனுக்கு. வீராங்கனை விருது ராஜாமணிக்கு. பெண் பிள்ளைகளைத் தடுப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

சரி, ஓட்டம் எத்தனை காலத்துக்கு? கால்கள் ஓய்ந்த பிறகு ஜெகதீசனுக்குப் படிப்பு கைகொடுத்தது. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கே இயக்குநர் ஆனார். 1900-இல் தொடங்கிய கழகம் அது. தோட்ட மக்களை வாட்டிய மலேரியாவையும் பெரிபெரியையும் ஆராய்ந்த இடம். வேல்ஸ் நாட்டில் ஜே.பி.ஆர். வில்லியம்ஸ் என்பவரும் இப்படித்தான். நாட்டுக்காக 55 ரக்பி ஆட்டம் ஆடியவர், எலும்பு அறுவை மருத்துவராகவும் இருந்தார்.

ஆகவே திடலும் வேண்டும், புத்தகமும் வேண்டும். நேரத்தைப் பிரித்துக் கொடுங்கள். உடம்புக்கு இவற்றையும் கவனியுங்கள்:

1. எடுத்தவுடன் வேகமாக ஓடக்கூடாது. பத்து நிமிடம் மெதுவாக ஓடி, உடம்பைச் சூடாக்க வேண்டும்.

2. தாகம் வரட்டும் என்று காத்திருக்காமல், இடையிடையே தண்ணீர் குடிக்க வேண்டும். தலை சுற்றினால் நிழலில் உட்கார வைத்து, உடம்பை நனைத்து விசிற வேண்டும். பேச்சு குழறினாலோ மயங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு! மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

3. கால் சுளுக்கினால் உடனே எண்ணெய் போட்டு உருவாதீர்கள், வீக்கம் கூடும். ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள். காலை உயர்த்தி வைத்து ஓய்வு கொடுங்கள். காலை ஊன்றவே முடியாவிட்டால் கிளினிக்கில் காட்டுங்கள்.

4. இடி சத்தம் கேட்டால் ஆட்டத்தை நிறுத்திக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். மரத்தடியில் ஒதுங்கக்கூடாது.

5. இரவு நன்றாகத் தூங்க வேண்டும். தூக்கம் கெட்டால் ஓட்டமும் கெடும், படிப்பும் கெடும்.

புக்கிட் செந்தோசா வீடமைப்பிலும் கோல சிலாங்கூர் தோட்டங்களிலும் ஓடத் துடிக்கிற கால்கள் நிறைய உண்டு. நாளைச் சாயந்திரம் பிள்ளையை அதட்டும் முன், "எத்தனை மணிக்கு ஆட்டம், எத்தனை மணிக்குப் படிப்பு?" என்று கேட்டுப் பாருங்கள்.