'பை'யா, 'இன்டு'வா?

தமிழ் வழியில் பயின்று, கல்லூரியில் ஆங்கிலப் பாடநூலைத் திறக்கும் மாணவரைச் சில சிறு சொற்கள் தடுமாற வைக்கின்றன. 'டிவைட்' என்னும் வினையோடு சேரும் 'பை', 'இன்டு' ஆகியவை அவற்றுள் இரண்டு.

தமிழில் '12ஐ 3ஆல் வகு' என்கிறோம். எது வகுபடும் எண், எது வகுக்கும் எண் என்பதை வேற்றுமை உருபே காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையை முன்னிடைச்சொல் செய்கிறது.

1. 'டிவைட் 12 பை 3': 'பை' என்பது நம் 'ஆல்' உருபு. விடை 4.

2. 'டிவைட் 3 இன்டு 12': 'இன்டு'வுக்குப் பின் வருவதே வகுபடும் எண். இங்கும் விடை 4.

3. 'டிவைட் 12 இன்டு 3 பார்ட்ஸ்': 12ஐ 3 பகுதிகளாகப் பிரி. இங்கே 'இன்டு' என்பது 'ஆக'.

நம் வகுப்பறைகளில் '3 இன்டு 12' என்றால் பெருக்கல்; விடை 36. குழப்பத்திற்கு இதுவும் ஒரு காரணம். 'டிவைட்' முன்னே நின்றால் பெருக்கலை மறந்துவிட வேண்டும்.

இப்பிழை இயற்பியலில் என்ன செய்யும்? 10 கன செ.மீ. அலுமினியத்தின் நிறை 27 கிராம். அடர்த்தி காண, 'டிவைட் த வால்யூம் இன்டு த மாஸ்' என்று கேட்டால், 27ஐ 10ஆல் வகுக்க வேண்டும். விடை 2.7. மாற்றி வகுத்தால் ஏறத்தாழ 0.37 வரும். நீரின் அடர்த்தி 1. அப்படியானால் திட்டக்குடி வெள்ளாற்றில் போட்ட அலுமினியக் கட்டி மிதக்க வேண்டுமே! விடை நடைமுறைக்கு ஒத்துவராதபோது, வினாவின் சிறு சொல்லை மீண்டும் படியுங்கள்.

பயிற்சி: 'டிவைட் 12 பை ஹாஃப்', 'டிவைட் 12 இன் ஹாஃப்'. இரண்டும் ஒன்றா?

(விடை: இல்லை. முதலாவது ½ஆல் வகுத்தல், 24. இரண்டாவது பாதியாக்கல், 6.)