வண்டியில் பொருத்திய பெட்ரோல் ஜென்செட்: பொறி வராதபோது சோதிக்கும் ஒழுங்கு

பெங்களூரு நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரையிலும், அங்கிருந்து தெற்கே ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவில் வரையிலும் நீளும் தொழில் தடத்தில், மின்னிணைப்பு இல்லாத இடத்தில் நின்று வேலை செய்யும் வண்டிகள் பல வகைப்படும். படப்பிடிப்புக்கு வரும் கேரவன், ஷிஃப்ட் மாறும் வேளையில் ஆலைகளின் அருகே நிற்கும் உணவு வண்டி, நடமாடும் மருத்துவ ஊர்தி ஆகியவை விளக்குக்கும் விசிறிக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் வண்டியிலேயே பொருத்திய ஜென்செட்டை நம்பியிருக்கின்றன. பெரிய கேரவன்களில் இருப்பது பெரும்பாலும் டீசல் ஜென்செட். அதில் அழுத்தப்பட்ட காற்றின் வெப்பமே எரிபொருளைப் பற்றவைப்பதால் ஸ்பார்க் பிளக் என்ற பாகமே இல்லை. ஆகவே இங்கே பேசப்படுவது சிறிய வண்டிகளில் உள்ள பெட்ரோல் ஜென்செட்டும், அதன் பற்றவைப்பில், அதாவது சிலிண்டருக்குள் மின்பொறியை உண்டாக்கி எரிபொருளைக் கொளுத்தும் அமைப்பில், நேரும் கோளாறுகளும் மட்டுமே.

கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் எஞ்சின் பிடிக்காதபோது முதலில் பிளக்கையும், அது பயன்தராவிட்டால் காயிலையும், அதன்பின் கார்புரேட்டரையும் மாற்றிப் பார்ப்பது பரவலான வழக்கம். பட்டறை அனுபவம் உணர்த்துவது வேறு: பொறி வராத ஜென்செட்டுகள் பலவற்றில் பொறியை உண்டாக்கும் பாகம் பழுதாகியிருப்பதில்லை, எஞ்சினை நிறுத்துவதற்காக அமைக்கப்பட்ட பாகமே வேண்டாத வேளையில் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திச் சோதனையைத் தொடங்குபவருக்குப் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

பொறி பிறக்கும் விதம்

சிறிய பெட்ரோல் எஞ்சினின் ஃப்ளைவீலில் ஒரு காந்தம் பதிக்கப்பட்டிருக்கும். சக்கரம் சுழலும்போது அந்தக் காந்தம் காயிலைக் கடந்து செல்ல, காயிலின் முதல் சுற்றில் மின்னோட்டம் எழுகிறது. அந்த ஓட்டத்தைக் காயிலுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் சரியான நொடியில் துண்டிக்கும்போது, மெல்லிய கம்பியால் பல்லாயிரம் முறை சுற்றப்பட்ட இரண்டாம் சுற்றில் பல ஆயிரம் வோல்ட் உருவாகி, பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறியாகிறது. பேட்டரியின் உதவியின்றி நடக்கும் இம்முறைக்கு மேக்னெட்டோ என்று பெயர். 1902-ஆம் ஆண்டு ஜெர்மனியில் ராபர்ட் போஷ் நிறுவனத்தின் பொறியாளர் காட்லோப் ஹோனோல்ட் உருவாக்கிய உயர் மின்னழுத்த மேக்னெட்டோவின் வழிவந்தது இது. நேரடியாக 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் தரும் இருதுருவ ஜென்செட் நிமிடத்துக்கு 3000 சுற்றுகள் சுழல்வதாலும், இவ்வகை எஞ்சின்களில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி எழுவதாலும், நொடிக்கு 50 பொறிகள் பிறக்கின்றன.

இந்த எஞ்சினை நிறுத்தும் முறையில்தான் சோதனைக்கான திறவுகோல் இருக்கிறது. காயிலின் முதல் சுற்றிலிருந்து புறப்படும் ஓர் ஒயரை எஞ்சின் உடம்போடு, அதாவது எர்த்தோடு, இணைத்தால் பொறி நின்றுவிடும். பட்டறைகளில் இதைக் கில் ஒயர் என்பர். சுவிட்சை அணைப்பது என்பது இந்த ஒயரை எர்த் செய்வதே. எனவே அந்த ஒயரின் உறை எங்கேனும் உரசித் தேய்ந்து உலோகத்தைத் தொட்டாலும், சுவிட்சுக்குள் ஈரம் புகுந்தாலும், எஞ்சின் அதைத் தனக்கு இடப்பட்ட ஆணையாகவே எடுத்துக்கொள்ளும். தரையில் நிற்கும் ஜென்செட்டைவிட வண்டியில் ஏறிய ஜென்செட்டுக்கு இந்த இடர் மிகுதி. ஏனெனில் சுவிட்சை ஓட்டுநருக்கு எட்டும் இடத்துக்குக் கொண்டுவர ஒயர் நீட்டப்படுகிறது, அந்த நீட்சி தகட்டின் துளைகளுக்குள் நுழைந்து செல்கிறது, சாலையின் அதிர்வு நாள்தோறும் அதை அறுக்கிறது.

சோதனையின் வரிசை

முதலில் பார்க்க வேண்டியது எஞ்சின் ஆயில். ஆயில் குறைந்தால் எஞ்சினைக் காக்கும் மிதவை சுவிட்ச் பல ஜென்செட்டுகளில் உண்டு. அதுவும் பொறியை எர்த் செய்தே நிறுத்துகிறது. ஆயில் போதுமான அளவு இருந்தும் வண்டி ஒரு பக்கச் சக்கரங்களைச் சாலையோரப் பள்ளத்தில் இறக்கிச் சாய்ந்து நின்றால், ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, மிதவை தாழ்ந்து, சுவிட்ச் செயல்படக்கூடும். ஆகவே வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஆயில் அளவைப் பார்த்த பின்னரே எந்த ஸ்பேனரையும் கையில் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, கில் ஒயரைக் காயிலுக்கு மிக அருகிலுள்ள இணைப்பில் கழற்றுவது. பெட்ரோல் வால்வை மூடி, பிளக்கைக் கழற்றி, ஸ்பார்க் டெஸ்டரைப் பிளக் கேப்பில் மாட்டி, அதன் மறுமுனையை எஞ்சின் உடம்பில் உறுதியாகக் கவ்வவைத்துக் கயிற்றை விரைந்து இழுக்க வேண்டும். ஒயர் கழன்ற நிலையில் பொறி வந்து, மாட்டிய நிலையில் வராவிட்டால், காயில் நலமாக இருக்கிறது என்பதும், குற்றம் ஒயரிலோ சுவிட்சிலோ ஆயில் மிதவையிலோ இருக்கிறது என்பதும் உறுதியாகின்றன. ஒவ்வொன்றாகப் பிரித்து மல்டிமீட்டரில் எர்த்தோடு தொடர்பு உள்ளதா என்று பார்த்தால் குற்றவாளி அகப்படும். ஒயர் கழன்றிருக்கும்போது எஞ்சின் ஓடினால் சுவிட்ச் அதை நிறுத்தாது என்பதால், சோதனை முடிந்தவுடன் ஒயரை மீண்டும் மாட்டுவது கட்டாயம்.

இச்சோதனையில் மூன்று எச்சரிக்கைகள் உள்ளன. பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீச்சும் என்பதால் பொறியை அத்துளைக்கு அருகே காட்டக் கூடாது. சமையல் எரிவாயு உள்ள உணவு வண்டியில் சிலிண்டரை அகற்றித் தொலைவில் வைத்த பின்னரே, கதவுகளைத் திறந்துவைத்துச் சோதிக்க வேண்டும். பிளக் கேப்பை எதனுடனும் இணைக்காமல் தொங்கவிட்டுக் கயிற்றை இழுத்தால், வெளியேற வழியற்ற உயர் மின்னழுத்தம் காயிலின் உட்காப்பைத் துளைத்து நல்ல காயிலையும் கெடுத்துவிடும்.

மூன்றாவது பிளக். கழற்றிய பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் வந்தும் எரியவில்லை என்றும், உலர்ந்து தூய்மையாக இருந்தால் பெட்ரோலே வரவில்லை என்றும், உலர்ந்த கரி படிந்திருந்தால் ஏர் ஃபில்டர் அடைபட்டோ சோக் மூடியிருந்தோ கலவையில் பெட்ரோல் மிகுந்துவிட்டது என்றும் பொருள் கொள்ளலாம். சிறு ஜென்செட்டுகளில் உலகெங்கும் பரவலான ஹோண்டா ஜிஎக்ஸ்160 எஞ்சினை எடுத்துக்காட்டாகக் கொண்டால், பிளக்கின் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். இதைக் கண்ணால் மதிப்பிடாமல் ஃபீலர் கேஜால் அளப்பதே முறை. வெளியே எடுத்து எர்த்தில் வைத்துப் பார்க்கும்போது பொறி தெரிவதாலேயே பிளக் நல்லது என்று முடிவு கட்டவும் கூடாது. அழுத்தம் மிகுந்த சிலிண்டருக்குள் அதே இடைவெளியைத் தாண்ட மேலும் உயர்ந்த மின்னழுத்தம் தேவைப்படுவதால், வெளியில் பொறி தரும் பலவீனமான காயிலும் விரிசல் கண்ட பிளக்கும் உள்ளே தோற்றுவிடுவதுண்டு. இடைவெளியைக் கூட்டி வைக்கக்கூடிய டெஸ்டரின் பயன் இதனால்தான்.

நான்காவது பிளக் கேப்பும் காயிலும். கேப்பைக் கழற்றி, ஒயரின் நுனியில் பச்சைக் களிம்பு இருந்தால் கால் அங்குலம் நறுக்கிவிட்டு மீண்டும் திருகினால் பல நேரங்களில் பொறி வலுப்பெறும். அதன்பின் காயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். மேற்சொன்ன எஞ்சினில் அது சுமார் 0.4 மில்லிமீட்டர். ஈரத்தால் காந்தத்தின் மேலும் காயிலின் கால்களிலும் ஏறிய துருவை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து இடைவெளியைச் சரிசெய்தாலே பொறி மீள்வது உண்டு. அதே எஞ்சினின் கையேடு காயிலின் முதல் சுற்றுக்கு 0.8 முதல் 1.0 ஓம் வரையும், இரண்டாம் சுற்றுக்கு 5.9 முதல் 7.1 கிலோ ஓம் வரையும் மின்தடை குறிப்பிடுகிறது. இவ்வெண்கள் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். இன்வெர்ட்டர் வகை ஜென்செட்டில் மின்னணுக் கட்டுப்பாடு குறுக்கிடுவதால் அதற்குரிய கையேட்டை மட்டுமே பின்பற்ற வேண்டும்.

ஓடி அரை மணி நேரத்தில் நின்று, ஆறிய பின் மீண்டும் பிடிக்கும் ஜென்செட் தனி வகை. காற்றோட்டம் குறைந்த அடைப்புக்குள் காயில் சூடேறும்போது உள்ளே நுண்ணிய விரிசல் விரிந்து சுற்று அறுபடுகிறது. குளிர்ந்த காயிலை அளந்தால் எல்லாம் சரியாகவே காட்டும். எனவே இதை நின்ற மறு நிமிடமே, சூட்டோடு சோதிக்க வேண்டும். அப்போதும் வலுவான பொறி இருந்தால், பெட்ரோல் டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைபட்டு எரிபொருள் வரத்து நின்றிருக்கலாம்.

எரிபொருளா, பொறியா

பொறி நன்றாக இருந்தும் எஞ்சின் பிடிக்காவிட்டால் பார்வை எரிபொருளுக்குத் திரும்ப வேண்டும். 2023 பிப்ரவரியில் அறிமுகமான, 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இன்று விற்பனை நிலையங்களில் பரவலாகிவிட்டது. எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்ப்பது. வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும் ஜென்செட்டில் நீர் மிகுந்தால் எத்தனாலும் நீரும் சேர்ந்து அடியில் பிரிந்து தங்க, கார்புரேட்டர் முதலில் இழுப்பது அந்த அடிநீரையே. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிக் குவளையில் வடித்துப் பார்த்தால் நீர் தனியே நிற்பது தெரியும். வண்டி நெடுநாள் நிற்கும் என்றால் பெட்ரோல் வால்வை மூடி, கிண்ணம் வற்றும்வரை எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துவது நல்ல பழக்கம்.

முன்காப்பு

தொடக்கத்தில் சொன்ன தொழில் தடத்தின் சாலைகளில் கனரக லாரிகள் எழுப்பும் தூசி ஏர் ஃபில்டரை விரைவில் அடைக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழையில் சக்கரங்கள் இறைக்கும் சேற்று நீர் அடிப்புறத்தில் பொருத்திய ஜென்செட்டின் இணைப்புகளில் ஏறுகிறது. மழைக்கு முன் இணைப்புகளைத் திறந்து உலர்த்துவதும், தகட்டுத் துளைகளில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்ப்பதும், உதிரிப் பிளக் ஒன்றைச் சரியான இடைவெளியுடன் வண்டியில் வைத்திருப்பதும் சிறிய செலவில் பெரிய காப்பு. எந்தச் சோதனையிலும் எஞ்சின் ஓடும்போது புகைக்குழாய் வண்டிக்கு வெளியே, காற்று புகையை வண்டியிலிருந்து அப்பால் கொண்டுசெல்லும் திசையில் இருக்க வேண்டும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லாததால், உள்ளே உறங்குபவர் அதை அறியாமலேயே உயிரிழக்க நேரும்.

இவை அனைத்திலும் மேலான முன்காப்பு, ஜென்செட்டை வண்டியில் ஏற்றும் பாடி கட்டும் பட்டறையின் கையில் இருக்கிறது. கில் ஒயரைக் கூர்மையான விளிம்புகளிலிருந்து விலக்கிக் குழாய்க்குள் செலுத்தி, காயிலுக்கு அருகே கையெட்டும் இடத்தில் நீர்புகாத இணைப்பான் ஒன்றை வைத்து, அதன் இருப்பிடத்தைக் கதவின் உட்புறத்தில் எழுதி ஒட்டிவிட்டால், இருட்டிலும் மழையிலும் நிற்கும் ஓட்டுநர் ஒருவர் காயில் கெட்டதா, ஒயர் கெட்டதா என்ற கேள்விக்குச் சில நிமிடங்களில் விடை காண முடியும். தேவையற்ற உதிரிபாகத்துக்குப் பணம் கொடுக்கும் நிலையும் வராது. வண்டியின் உரிமையாளர் பட்டறையிடம் முதல் நாளே கேட்டுப் பெற வேண்டிய வசதி இது.