வெறும் போத்தலுக்கு விலை வைத்தவர் யார்?

ஓகூஸ்

அன்புள்ள பிள்ளைக்கு,

நைரோபியில் ஒரு பெண் பிளாஸ்டிக் குப்பையிலிருந்து மெஷினில் நடைபாதைக் கல் செய்கிறார், அதே மெஷினை யாழ்ப்பாணத்தில் கொண்டுபோய் வைத்தால் நாலு பேருக்கு வேலை கிடைக்காதா என்று கேட்டிருந்தாய். கூடவே, "ஆனால் எங்கட சனத்துக்கு டெனிஷ்காரரைப் போல ஒழுக்கம் இல்லையே" என்றும் எழுதியிருந்தாய். முதலாவது நல்ல கேள்வி. இரண்டாவதை வாசித்ததும் எனக்குக் கோபம் வந்தது. இந்த வசனத்தைக் கோயில் திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். இங்கே டென்மார்க்கில் பிறந்து வளர்ந்த நீயும் அதையே சொல்லலாமா? ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இளவேனிலில் ஓகூஸ் பல்கலைக்கழகப் பூங்காவில் நடக்கும் கப்சைலாசன் படகுப்போட்டிக்கு நீயும் போயிருப்பாய். 1991 முதல் நடக்கிறது. ஆயிரக்கணக்கில் மாணவர்கள் காலையிலிருந்தே புல்வெளியில் இருந்து குடிக்கிறார்கள். அடுத்த முறை போனால் படகைப் பார்க்காதே, புல்லைப் பார். ஒருவன் பியர் ரின்னைக் கீழே போட்டால் அது நெடுநேரம் கிடக்காது. பெரிய பையோடு திரியும் யாரோ ஒருவர் எடுத்துவிடுவார். அதே கை போட்ட சிப்ஸ் பையும் சிகரெட் பெட்டியும் பீட்சா மட்டையும் மாநகராட்சித் தொழிலாளி வரும்வரை அங்கேயே கிடக்கும். போட்டவன் ஒருவனே. நாடும் வளர்ப்பும் ஒன்றே. ரின்னுக்கு ஒரு குரோணர் பன்ட், அதாவது திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும் வைப்புக் காசு, உண்டு; சிப்ஸ் பைக்கு இல்லை. ஒழுக்கம் ஒரு பொருளுக்கு இருந்து இன்னொரு பொருளுக்கு இல்லாமல் போகுமா?

இந்த ஒழுக்கமான நாடுதான் ஆளுக்கு இத்தனை கிலோ என்று பார்த்தால் ஐரோப்பிய ஒன்றியத்தில் மிக அதிகமாகக் குப்பை போடும் நாடுகளின் முன்வரிசையில் நிற்கிறது. பன்ட் இல்லாத பிளாஸ்டிக்கில் பெரும்பங்கு எரிகிறது. நம் நகரத்தின் மிச்சக் குப்பை லிஸ்பியா எரியூட்டு நிலையத்துக்குப் போய், அந்தச் சூடு குழாய் வழியாக வீடுகளுக்குத் திரும்பி வருகிறது. அதைக் குறை சொல்லவில்லை, குளிர்காலத்தில் எனக்கும் அந்தச் சூடு வேண்டும். ஆனால் எரிப்பதை மீள்சுழற்சி என்று யாராவது சொன்னால் அங்கேயே மறுத்துப் பேசு.

இந்தப் பன்ட் இங்குள்ளவர்களின் நல்ல குணத்தில் தானாக முளைத்ததும் இல்லை. 1981இல் டென்மார்க் அரசு, பியரும் சோடாவும் திருப்பி எடுக்கக்கூடிய, அரசு அங்கீகரித்த கொள்கலன்களில் மட்டும்தான் விற்கப்படலாம், தகர ரின் கூடாது என்று கட்டளை போட்டது. வெளிநாட்டு உற்பத்தியாளர்கள் கொதித்தார்கள். ஐரோப்பிய ஆணையம் டென்மார்க்கை லக்சம்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு இழுத்தது. 1988 செப்டம்பர் 20இல் தீர்ப்பு வந்தது. இந்த வழக்கை நான் பல தடவை படித்திருக்கிறேன், இரசாயனம் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதே. போத்தலைத் திருப்பி எடுக்கும் முறையை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சூழலைக் காப்பது, சரக்குகளின் சுதந்திர நடமாட்டத்தையே கட்டுப்படுத்தப் போதுமான காரணம் என்றது. அங்கீகரிக்கப்படாத போத்தலில் ஓர் உற்பத்தியாளர் ஆண்டுக்கு 3000 ஹெக்டோலீற்றர்தான் விற்கலாம் என்ற கட்டுப்பாட்டை மட்டும் தள்ளிவிட்டது. ரின்னுக்கு இருந்த தடை 2002இல்தான் நீங்கியது. அதோடு ரின்னுக்கும் பன்ட் வந்தது. இன்று ஒரு லீற்றருக்குக் குறைந்த பிளாஸ்டிக் போத்தலுக்கு ஒன்றரைக் குரோணர், அதற்கு மேல் மூன்று குரோணர். பத்தில் ஒன்பதுக்கு மேல் திரும்பி வருகின்றன. திரும்பாதவற்றின் காசு அந்த முறையை நடத்தும் செலவுக்கே போகிறது. இத்தனையும் சட்டம், வழக்கு, கணக்கு.

இனிக் கணக்கைப் பார்ப்போம். அரை லீற்றர் சோடாப் போத்தல் சுமார் இருபது கிராம். ஒரு கிலோ சேர ஐம்பது போத்தல் வேண்டும், ஐம்பது முறை குனிய வேண்டும். இங்கே அந்த ஐம்பதுக்கு 75 குரோணர் கிடைக்கும். அதே ஒரு கிலோவை நசுக்கிக் கட்டிப் பழைய பிளாஸ்டிக்காகச் சந்தையில் விற்றால் சில குரோணர்தான். இந்த வித்தியாசத்தை நீ மனதில் பதிக்க வேண்டும். பொறுக்குபவரின் கைக்குப் போவது பிளாஸ்டிக்கின் விலை இல்லை; போத்தலை வாங்கியவன் கடையில் முன்கூட்டியே வைத்துவிட்டுப் போன காசு. "குப்பையில் பொன் இருக்கிறது" என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதேயில்லை.

கடையில் போத்தலைத் திருப்பி எடுக்கும் பன்ட் மெஷின் சேர்ப்பதோடு நிற்பதில்லை, தரமும் பிரிக்கிறது. அது கோட்டுக்குறியைப் பார்க்கிறது, உருவத்தைப் பார்க்கிறது, தன் பட்டியலில் இல்லாததைத் துப்பிவிடுகிறது. உள்ளே விழுவது ஒரே இனம், பெரும்பாலும் சுத்தமானது. அதனால்தான் அது மறுபடியும் உணவு வைக்கும் போத்தலாக முடிகிறது. பிளாஸ்டிக் பொருளில் இருக்கும் முக்கோண அடையாளமும் நடுவே எண்ணும் நீ அறிந்ததே. அந்த அடையாளம் மீள்சுழற்சி செய்யலாம் என்று வாக்குறுதி தரவில்லை. 1988இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில் சங்கம் இனத்தைக் காட்ட வைத்த எண் அது, அவ்வளவுதான்.

தரம் பிரிப்பது ஏன் இத்தனை பெரிய விஷயம்? 'பெற்' (PET) என்ற பிளாஸ்டிக்கால் ஆன போத்தலை உருக்க 260 பாகைக்கு மேல் சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில், கூடக் கலந்துவிட்ட பிவிசி தாங்காது. அது சிதைந்து ஐதரோகுளோரிக் அமிலத்தை விடும், அந்த அமிலம் பெற்றின் நீண்ட சங்கிலிகளை வெட்டும், பொருள் மஞ்சளித்து நொறுங்கும். பத்து இலட்சம் பங்கில் நூறு பங்கு பிவிசி கலந்தாலே கேடு தெரியத் தொடங்கிவிடும். ஒரு தொன் போத்தலுக்குள் நூறு கிராம்! தண்ணீரில் போட்டுப் பிரிக்கலாமே என்று நீ கேட்பாய். பொலிஎத்திலீனும் பொலிபுரொப்பிலீனும் மிதக்கும், பெற் தாழும். அது வரை சரி. ஆனால் பிவிசியும் தாழும். இரண்டின் அடர்த்தியும் ஏறத்தாழ ஒன்றே. கண்ணுக்கும் தண்ணீருக்கும் ஒன்றாகத் தெரிகிற இந்த இரண்டையும் நெருப்பு காட்டிக்கொடுக்கும். செப்புக் கம்பியைச் சுவாலையில் பழுக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கில் தொட்டு, மீண்டும் சுவாலையில் பிடித்தால் பிவிசிக்குப் பச்சை ஒளி வரும். பைல்ஷ்டைன் 1872இல் சொன்ன சோதனை. நூற்றைம்பது ஆண்டு கடந்தும் ஒரு கம்பித்துண்டு இந்த வேலையைச் செய்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் அந்தப் பச்சை எனக்கு அலுக்காது. நீ வீட்டுக் குசினியில் செய்யாதே. புகை நஞ்சு. உன் ஜிம்னாசியம் பள்ளியில் புகை உறிஞ்சும் கூண்டு இருக்கிறது, ஆசிரியரைக் கேட்டு அங்கே செய்.

இப்போது உன் நைரோபிப் பெண்ணிடம் வருகிறேன். ன்சாம்பி மட்டே, ஜெங்கே மேக்கர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர். 2017இல் வேலையை விட்டுவிட்டுத் தாய் வீட்டுப் பின்வளவில் ஆராய்ச்சி தொடங்கினார். 2020இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் அவரை இளம் சாதனையாளராகத் தெரிவுசெய்தது. பிளாஸ்டிக்கை மணலோடு சூடாக்கி அழுத்திக் கல் செய்கிறார். நீ பார்த்த காணொளி மெஷினைக் காட்டியிருக்கும். மெஷினுக்கு முன்னால் நடப்பதைக் கவனி: அவர் எடுப்பது இரண்டு வகைப் பொலிஎத்திலீனும் பொலிபுரொப்பிலீனும். பெற்றைத் தொடுவதில்லை. ஒரு பகுதி பொதியிடும் தொழிற்சாலைகளிலிருந்து சும்மா கிடைக்கிறது, மிச்சத்தை மற்ற மீள்சுழற்சிக்காரர்களிடம் காசு கொடுத்து வாங்குகிறார். ஆக, அவருக்கு முன்னால் யாரோ பொறுக்கி, யாரோ இனம் பிரித்திருக்கிறார்கள். நைரோபியில் அந்த யாரோ என்பவர்களில் பலர் டண்டோரா குப்பை மேட்டில் வேலை செய்பவர்கள். கையால் நசுக்கி, ஒலி கேட்டு, சிலவேளை கொளுத்தி மணந்து இனம் பிரிக்கிறார்கள். அவர்களும் இரசாயன அறிஞர்களே. இதை நான் முழு மனதோடு சொல்கிறேன்.

அவர்களுக்குக் கிடைக்கும் கிலோ விலை எதில் தொங்குகிறது தெரியுமா? மசகெண்ணெயில். 2020இல் எண்ணெய் விலை விழுந்தபோது புதுப் பிளாஸ்டிக் பழையதைவிட மலிந்தது, பல நாடுகளில் பொறுக்குபவரின் வருமானமும் கூடவே விழுந்தது. குப்பை குறையவில்லை, உழைப்பும் குறையவில்லை. ஆப்பிரிக்காவில் வழிகாட்டி யார் என்று என்னைக் கேட்டால், நான் கல் செய்கிறவர்களைக் காட்டமாட்டேன், தென்னாப்பிரிக்காவின் பெட்கோவைக் காட்டுவேன். 2004இல் தொடங்கியது. பெற் போத்தல் செய்கிற, நிரப்புகிற நிறுவனங்கள் தாங்கள் வாங்கும் மூலப்பொருளின் அளவுக்கு ஏற்ப ஒரு தொகை கட்டுகின்றன. அந்தக் காசு சேகரிப்பைத் தாங்குகிறது, சந்தை விழும்போதும் வாங்குகிறவன் கைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்கிறது. முதலில் தாங்களாக விரும்பிக் கட்டினார்கள், 2021 முதல் சட்டம் கட்டாயமாக்கிவிட்டது. கென்யாவும் 2022இல் உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கிச் சட்டம் இயற்றியது. காணொளிக்கு இதில் எதுவும் இல்லை. படிவமும் கணக்குப் புத்தகமும்தான். வேலைகள் அங்கிருந்துதான் வருகின்றன.

"எங்கட சனம்" என்றாயே, தமிழ்நாட்டின் நீலகிரிக்கு வா. காட்டில் உடைந்த மதுப்போத்தல் யானையின் காலைக் கிழிக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் பேச்சு வந்தது. 2022 மே மாதத்தில் அந்த மாவட்டத்தில் உள்ள அரசு மதுக்கடைகளான டாஸ்மாக்கில் ஒவ்வொரு போத்தலுக்கும் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, வெறும் போத்தல் வந்தால் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார்கள். போத்தல்களில் மிகப் பெரும்பங்கு திரும்பி வந்தது. டாஸ்மாக்கில் குடிக்கிற தமிழனுக்கு ஒரே மாதத்தில் டெனிஷ் ஒழுக்கம் பிறந்துவிட்டதா? பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. கடை ஊழியர்கள் போத்தல் அடுக்க இடமில்லை, வேலை கூடிவிட்டது என்று முறையிட்டார்கள். அது நியாயமான முறைப்பாடு. திருப்பி எடுக்கும் கைக்கும் கூலி வைக்காத திட்டம் அரைத் திட்டம்.

மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் பழைய பிளாஸ்டிக் பைகளைச் சூடான கருங்கல் ஜல்லியில் பூசித் தார் ரோடு போட்டதையும் நீ கேள்விப்பட்டிருப்பாய். 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. போத்தலுக்கு இருக்கும் மதிப்பு பைக்கு இல்லை, அதை யாரும் கிலோ விலைக்கு ஆவலோடு வாங்குவதில்லை. அப்படியான பொருளுக்கு ரோடு நல்ல இடம். போத்தலை ரோட்டில் புதைப்பது வீண்.

நம் நகரத்துக் கோப்பிக் குவளைத் திட்டத்தையும் கவனித்திருப்பாய். 2024 ஜனவரியில் நோர்வே நாட்டு தொம்ரா நிறுவனத்தோடு சேர்ந்து ஓகூஸ் மாநகராட்சி மூன்று ஆண்டுப் பரீட்சையாகத் தொடங்கியது. கடையில் கோப்பிக் குவளைக்கு ஐந்து குரோணர் வைத்தார்கள், வீதியோர மெஷினில் போட்டதும் காசு வங்கி அட்டைக்குத் திரும்பியது. குவளை கழுவப்பட்டு மறுபடி கடைக்குப் போனது. நான் இதைப் பன்ட்டிலும் உயர்வாக மதிக்கிறேன், ஏனெனில் உருக்கும் வேலையே இல்லை. ஆனால் ஐந்து குரோணர் கைக்குத் திரும்பாமல் அட்டைக்குப் போனதில் எனக்கு மனவருத்தம் உண்டு. மழையில் பையோடு நடக்கிற, வங்கி அட்டையில்லாத மனிதனுக்கு அந்த மெஷின் ஒன்றும் தரவில்லை. கோடை விழாக்களில் போத்தல் பொறுக்குகிறவர்களில் ஆப்பிரிக்காவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்தவர்கள் உண்டு. அவர்களை எண்ணிப் பார்த்துத் திட்டம் போடவேண்டாமா?

கோடை விடுமுறையில் நீ யாழ்ப்பாணம் போகும்போது மெஷின் விலைப்பட்டியலைக் கொண்டு போகாதே. பழைய இரும்பும் போத்தலும் எடுக்கிறவர்களிடம் போய் இரு. பெற் கிலோ என்ன விலைக்கு எடுக்கிறார்கள், கொழும்பில் என்ன விலைக்குக் கொடுக்கிறார்கள், லொறி வாடகை எவ்வளவு என்று கேட்டு எழுது. நசுக்காத போத்தல் ஏற்றிய லொறி பெரும்பாலும் காற்றைத்தான் கொண்டு போகிறது. ஆகவே முதலில் தேவைப்படுவது கல் அச்சா, போத்தலை நசுக்கிக் கட்டும் அழுத்தியா என்று அவர்களையே கேள். எந்த இனத்தை வாங்க யாருமில்லை என்பதையும் கேள். உன் கல்லுக்கு மூலப்பொருள் அதுதான். குனிந்து எடுக்கிறவரின் ஒரு நாள் வருமானத்தை அவர் மனம் நோகாதபடி விசாரி. பிறகு, அந்த ஊரில் சோடாவும் தண்ணீரும் விற்கிற நிறுவனங்கள் இன்று அந்தச் செலவில் எவ்வளவு ஏற்கின்றன என்று பார். இந்தத் தரவு இல்லாமல் என்னிடம் மெஷினைப் பற்றிப் பேச வராதே.

நான் சொன்ன வழக்கின் எண் 302/86. தீர்ப்பு நீளமில்லை, ஒரு மாலையில் முடித்துவிடலாம். டெனிஷில் படி, உனக்கு அதுதான் வேகமாக ஓடும். 3000 ஹெக்டோலீற்றர்க் கட்டுப்பாட்டை நீதிமன்றம் ஏன் தள்ளியது என்பதை மட்டும் தமிழில் ஒரு பக்கம் எழுதி அடுத்த சனிக்கிழமை கொண்டு வா.

அன்புடன்,
உன் ஆசிரியர்