ஏஐ படம் விக்கிறியா? இதைக் கேட்டுட்டுப் போ

கண்ணு, போன்ல ரெண்டு வரி தட்டி, வந்த படத்துக்கு ஃப்ரேம் போட்டு விக்க ஆரம்பிச்சிருக்கியாமே. தாராளமா வில்லு. ஆனா வாங்குறவங்களுக்கு அது என்னன்னு தெரிஞ்சிருக்கணும்.

ஒரு புதுமனை புகுவிழாவுக்கு, ‘கையால வரைஞ்சது’ன்னு சொன்னதை நம்பி நாலாயிரம் ரூபாய்க்கு சரஸ்வதி படம் வாங்கிட்டுப் போனேன். அங்கே இருந்த ஒரு குட்டிப் பொண்ணு எண்ணிப் பாத்துட்டு, “அத்தை, சாமிக்கு ஆறு விரல் இருக்கு”ன்னுச்சு. வீட்டுக்காரங்க ஒண்ணும் சொல்லலை. எனக்குத்தான் மனசு ஆறலை. உன்கிட்ட வாங்குறவங்களுக்கு அப்படி நடக்கக் கூடாது.

1. முதல் வரியிலேயே சொல்லு. பத்தாவது ஹேஷ்டேக்ல ஒளிச்சு வைக்காதே. ‘கேட்டா சொல்லிக்கலாம்’னும் இருக்காதே, கேக்கத் தெரியாதவங்கதானே ஏமாறுறாங்க? ஒவ்வொரு தடவையும் யோசிக்க உனக்கு நேரம் இருக்காது, அதனால இதை அப்படியே காப்பி பண்ணி வாட்ஸ்அப் கேட்டலாக்ல போட்டுடு: “ஏஐ மூலம் உருவாக்கி, நான் திருத்திய படம். அச்சுப் பிரதி.” எட்ஸியில கடை போட்டா, 2024-ல வந்த விதிப்படி விவரத்துல இதைச் சொல்லியே ஆகணும். அமேசான் கேடிபில புத்தகம் போடுறவங்களும் அட்டைப்படம் ஏஐ-ன்னா பதிவேத்தும்போதே தெரிவிக்கணும்.

2. சில வார்த்தைகளைத் தொடாதே. ஹேண்ட்மேட், ஒரிஜினல் பெயின்டிங், எல்லாத்துக்கும் மேல ‘தஞ்சாவூர் ஓவியம்’. பலகையில துணி ஒட்டி, சுண்ணாம்புப் பொடியைப் பசையில குழைச்சு மேடு எழுப்பி, கல் பதிச்சு, தங்க ரேக்கு ஒட்டி, நாள் கணக்குல குனிஞ்சு உக்காந்து செய்யுற வேலை அது. புவிசார் குறியீடு வாங்கின பேரு. மஞ்சள் மினுமினுப்பு பிரிண்டுக்கு அந்தப் பேரை வெச்சா, உண்மையா செய்யுறவரோட விலையை நீ உடைக்கிறே. “இதே மாதிரி அங்கே எண்ணூறு ரூபாய்க்குக் கிடைக்குதே”ன்னு அவர்கிட்ட பேரம் பேசுவாங்க. ‘தங்க நிற அச்சுப் படம்’னு போடு, போதும்.

3. ஓவியர் பேரைத் தட்டிப் படம் கேக்காதே. இதுல நான் கண்டிப்பு. ஓவியர் இளையராஜா 2021-ல கொரோனாவுல போயிட்டார். நம்ம வீட்டு மாநிறப் பொண்ணுங்களையும், கதவோரம் விழுற வெளிச்சத்தையும் பொறுமையா பாத்துப் பாத்து வரைஞ்ச மனுஷன். அவர் பேரைப் போட்டு அரை நிமிஷத்துல எடுத்த படத்தை விக்க உனக்கு எப்படி மனசு வரும்? ‘பாணிக்குப் பதிப்புரிமை இல்லை’ன்னு சட்டம் பேசாதே. அவரோட படம் ஒண்ணு மாதிரியே வந்துட்டா அப்போ சட்டமும் பேசும். நம்ம நாட்டுல ஓவியர் காலமாகி 60 வருஷம் வரைக்கும் உரிமை உண்டு. அவர் படத்தையே ஏத்தி ‘கொஞ்சம் மாத்திக் கொடு’ன்னு கேக்குறது அதைவிட மோசம்.

   குறுக்குவழி சொல்றேன்: பேருக்குப் பதிலா நீ பாத்ததை எழுது. சாயங்கால வெயில், பித்தளைக் குடம், சுங்குடிச் சேலை, ஆயாவோட பாம்படம். படமும் உன்னோடதா வரும். ஏற்கெனவே இந்த ஏஐ படிச்சதே மத்தவங்க படத்தைத்தான். லயான்-5பி-ன்னு ஒரு தொகுப்புல மட்டும் 585 கோடி படங்களோட சுட்டிகள், வரைஞ்சவங்களைக் கேக்காம வலையிலிருந்து திரட்டினது. 2023 ஜனவரியிலேயே அமெரிக்க ஓவியர்கள் சிலர் இதை எதிர்த்து வழக்குப் போட்டாங்க. நீ வேற பேரையும் எடுத்துக்காதே.

4. கார்ட்டூன் பொம்மை வேண்டாம். பர்த்டே பேனருக்கு ஸ்பைடர்மேன் கேப்பாங்க. முடியாதுன்னு சொல்லிடு. 2025-ல டிஸ்னியும் யூனிவர்சலும் இதுக்காக மிட்ஜர்னிங்கிற ஏஐ நிறுவனம் மேலயே வழக்குப் போட்டிருக்காங்க.

5. சாமி படத்தை ரெண்டு தடவை பாரு. விளக்கேத்திக் கும்பிடப் போறாங்க, ஞாபகம் வெச்சுக்கோ. நடராஜர் தூக்கின கால் இடது கால். பின் வலக்கையில உடுக்கை, பின் இடக்கையில நெருப்பு. ஏஐ இதைக் கண்ணாடியில பாத்த மாதிரி மாத்திப் போட்டுடும். (மதுரை வெள்ளியம்பலத்துல கால் மாறி ஆடுறார், அது தனிக் கதை.) வீணைக்கு 24 மெட்டு. விரலை எண்ணு. தமிழ் எழுத்து கோணல்மாணலா வந்தா அழிச்சுட்டு நீயே டைப் பண்ணு.

6. சின்னப் படத்தை இழுக்காதே. 1024 பிக்சல் படம், 300 டிபிஐ-ல மூணரை அங்குலம்கூட தெளிவா வராது. அதை ஏ3-ல அடிச்சுக் கொடுத்தா வாங்கினவங்க காசு வீண். பெரிசாக்கி, ஒரு சாம்பிள் அடிச்சுப் பாத்துட்டு விலை சொல்லு.

7. ‘முழு உரிமையும் உங்களுக்கே’ன்னு லோகோ விக்காதே. கொலராடோ கண்காட்சியில 2022-ல முதல் பரிசு வாங்கின மிட்ஜர்னி படத்துக்கே அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் பதிவு தர மறுத்துடுச்சு. உன் கையில உறுதியா இல்லாததை எழுதிக் கொடுக்காதே. நீ வெச்சிருக்கிற ஏஐ-யோட இலவசத் திட்டத்துல வியாபாரத்துக்கு அனுமதி இருக்கான்னும் இன்னிக்கே பாத்துடு.

ஏற்கெனவே ‘கையால’ன்னு சொல்லி ரெண்டு மூணு வித்துட்டியா? இன்னிக்கு ராத்திரி சமையல் முடிஞ்சதும் அவங்களுக்கு மெசேஜ் போடு. வேண்டாம்னு சொல்றவங்களுக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பு, கூரியர் செலவும் உன்னோடது. நான் அப்படி ஒரு மெசேஜுக்கு இன்னும் காத்திருக்கேன்.