புரொஜெக்டருக்குள் எரிந்தது எது?

கேள்வி: டூரிங் டாக்கீஸ் புரொஜெக்டருக்குள் பல்பே கிடையாதாமே, அப்புறம் எதைத்தான் எரித்தார்கள்? எங்கள் வீட்டில் தாத்தா காலத்து 16 எம்.எம். புரொஜெக்டர் ஒன்று இருக்கிறது. பல்பு கிடைப்பதில்லை. எல்.ஈ.டி. மாட்டலாமா?
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: கார்பன் குச்சிதான் எரிந்தது. பென்சில் பருமனில், செம்பு பூசிய இரண்டு குச்சிகள். ரெக்டிஃபயர் வழியாக டி.சி. கரண்ட் கொடுத்து, முனைகளை ஒருமுறை தொடவைத்து லேசாக விலக்கினால் நடுவே வெளிச்சம் பீறிடும். பாசிட்டிவ் குச்சியின் நுனியில் ஒரு சிறு குழி விழும். உண்மையான விளக்கு அதுதான். சூடு 3,500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பின்னாலுள்ள குழியாடி அந்த ஒளியைப் பிலிம்மீது குவிக்கும்.

எரிய எரியக் குச்சி தேயும், இடைவெளி கூடும், திரை மங்கும். ஆபரேட்டர் கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்து அவற்றை நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் பீடி பற்றவைக்க நகர்ந்தால் கதாநாயகியின் முகம் பழுப்பேறும், தரை டிக்கெட்டிலிருந்து விசில் பறக்கும். பெரும்பாலான கொட்டகைகளில் இருந்தது ஒரே ஒரு புரொஜெக்டர். ரீல் மாற்ற மூன்று நான்கு இடைவேளை விடுவார்கள். புதுக் குச்சி மாட்டவும் முறுக்கு வியாபாரத்துக்கும் அது போதும்.

இந்த ஒளி சினிமாவுக்கு மூத்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லண்டனில் ஹம்ப்ரி டேவி இதை எரித்துக் காட்டிவிட்டார். ஆனால் கரண்ட் இல்லாத இடத்தில் என்ன செய்வது? 1897-இல் பாரிஸில் ஒரு தரும விற்பனைக் கூடத்தில் ஈதரும் ஆக்சிஜனும் கொண்டு புரொஜெக்டர் விளக்கை எரித்தார்கள். ஈதர் ஆவி தீப்பிடித்து 120 பேருக்கு மேல் மாண்டார்கள். திருச்சியில் ரயில்வே வேலையிலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பியபோது, நம் ஊர்கள் பலவற்றிலும் மின்சாரம் எட்டிப்பார்க்கவில்லை.

1950-களில் ஜெர்மனியிலிருந்து செனான் பல்பு வந்தது. குச்சியை நெருக்கும் வேலை ஒழிந்தது, வேறொரு பயம் வந்தது. அணைந்து ஆறிய செனான் பல்புக்குள்ளும் வாயு பல மடங்கு அழுத்தத்தில் இருக்கும். முகக்கவசம் போடாமல் அதைக் கழற்றக் கூடாது.

இனி தாத்தாவின் புரொஜெக்டர். எல்.ஈ.டி. மாட்டலாம், ஆனால் வாட்டை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். பழைய 16 எம்.எம். கருவிகளில் 750, 1000 வாட் பல்புகள் எரிந்தன. பிறகு வந்த 24 வோல்ட், 250 வாட் ஹாலோஜன், கண்ணாடியோடு சேர்ந்தே வந்ததால், மிகக் குறைந்த வாட்டிலேயே அதே வேலையைச் செய்தது. ஒளி பிறக்கும் இடம் சிறியதாக இருந்தால்தான் கண்ணாடியோ லென்ஸோ அதை ஒரு பக்கமாகத் திருப்ப முடியும். மாமல்லபுரத்தில் 1887-இல் ஒலக்கண்ணேஸ்வரர் கோயில் கூரைமேல் ஏற்றிய கப்பல் விளக்குக்கும், பின்னால் பக்கத்திலேயே எழுந்த கருங்கல் கலங்கரை விளக்கத்துக்கும் இதே கணக்குதான். ஆகவே அகலமான எல்.ஈ.டி. பலகை வேண்டாம். பழைய இழை இருந்த அதே புள்ளியில் சின்னச் சில்லு உட்கார வேண்டும். அதன் முதுகில் சூட்டை இழுக்க அலுமினியத் தகடு வேண்டும். பழைய ஃபேனும் ஓடட்டும்.

அடுத்தது படபடப்பு. நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் மலிவான எல்.ஈ.டி. டிரைவர் நொடிக்கு 100 முறை துடிக்கும். புரொஜெக்டர் ஷட்டரோ 48 அல்லது 72 முறை ஒளியை மறைக்கும். இரண்டும் மோதினால் திரை துடிக்கும். இழை பல்பு அதற்குள் ஆறுவதில்லை என்பதால் அதில் இந்தத் தொல்லை தெரியாது. சீரான டி.சி. தரும் டிரைவராகக் கேட்டு வாங்குங்கள்.

விளக்குக் கூண்டை அறுக்க வேண்டாம். பழைய சாக்கெட்டிலேயே பொருந்தும்படி செய்யலாம். பேசும் படக் கருவியானால் ஒலிக்கோட்டைப் படிக்க உள்ளே இன்னொரு குட்டி பல்பு இருக்கும். பெரிய பல்பை மாற்றும் வேகத்தில் அதன் ஒயரையும் கழற்றிவிட்டால், படம் பளிச்சென்று தெரியும், வசனம் மட்டும் கேட்காது.