முன்பக்கம் உட்கார்ந்துவிட்ட ஏடிவி: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

“வண்டி முன்னால உட்கார்ந்துருச்சு, ஷாக் போச்சு போல, ரெண்டையும் மாத்திடுங்க.” ஏடிவியோடு, அதாவது காடுமேடெல்லாம் ஓடும் நாலு சக்கர வண்டியோடு, பட்டறைக்கு வருகிறவர்கள் பலர் நோயையும் மருந்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் வண்டியின் பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் எண்ணெய் அந்த ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகிறது. எண்ணெய் ஒழுகிப் போனால் வண்டி படகு மாதிரி ஆடும். பெரிதாகத் தாழ்ந்து நிற்காது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிச் செலவு மிச்சம்.

செய்ய வேண்டியவை

• முதலில் டயர் காற்றைப் பாருங்கள். ஏடிவி டயருக்குப் பெரும்பாலும் 5 பிஎஸ்ஐ அளவில்தான் காற்று. கார் டயருக்கான கேஜில் இந்த அளவு சரியாகத் தெரியாது; குறைந்த அழுத்தத்துக்கான கேஜ் தனியாக வேண்டும். ஒரு பக்கம் 2 பிஎஸ்ஐ குறைந்தாலே வண்டி அந்தப் பக்கம் சாய்ந்ததுபோல் தெரியும்.

• அளந்து பாருங்கள். முன் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும்படி வண்டியைத் தூக்கி, அச்சின் நடுவிலிருந்து அதற்கு நேர் மேலே சேஸிஸில் ஒரு புள்ளிவரை டேப் வையுங்கள். பிறகு வண்டியை இறக்கி, முன்பக்கத்தை நாலைந்து தடவை அமுக்கிவிட்டு, ஓட்டுபவர் ஹெல்மெட், பூட்ஸ் சகிதம் உட்கார்ந்ததும் அதே இரண்டு புள்ளிகளுக்கிடையே மறுபடி அளவெடுங்கள். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம், சக்கரம் மேலும் கீழும் போகும் மொத்தத் தூரத்தில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை இருக்கலாம். 8 அங்குலத் தூரம் உள்ள வண்டி 2 முதல் 2.7 அங்குலம்வரை அமிழ்வது நோயே இல்லை. 4 அங்குலம் இறங்கினால்தான் கவலை.

• வண்டி தூக்கியிருக்கும்போதே சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பால் ஜாயிண்டும் ஏ-ஆர்ம் புஷ்ஷும் தேய்ந்திருந்தால் “கடக்” என்று கையிலேயே தெரியும். சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்து, பார்வைக்கு வண்டி தாழ்ந்ததுபோல் இருக்கும். புது ஸ்பிரிங் போட்டாலும் இந்தக் கோளாறு தீராது. பழைய போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் போன்று முன்னால் ஸ்ட்ரட் வைத்த வண்டிகளில், ஸ்ட்ரட்டே தேய்ந்து ஆடுகிறதா என்றும் பாருங்கள்.

• முன்னால் என்ன தொங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் குளிர்காலம் முழுக்கப் பல ஏடிவிகளின் மூக்கில் பனி தள்ளும் இரும்புத் தகடு இருக்கும். அதைத் தூக்க ஒரு வின்ச்சும் இருக்கும். கம்பெனி ஸ்பிரிங் அந்த எடைக்காக வந்ததல்ல. பனிக்காலம் முடிந்தால் தகட்டைக் கழற்றி வையுங்கள்.

• ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் பிரீலோட் வளையம் இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவு, ஒவ்வொரு படியாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள். பிரீலோட் வண்டியைத் தூக்கி நிறுத்தும். ஸ்பிரிங்கின் பலத்தைக் கூட்டாது. கடைசிப் படிக்கு வந்தும் மூக்கு தொங்கினால், சுமைக்கேற்ற கனமான ஸ்பிரிங்தான் வழி. அதை ஜோடியாக மாற்றுங்கள்.

• உயரம் மாறினால் முன் சக்கரங்களின் டோ அளவும், அதாவது அவை உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவும், மாறும். வேலை முடிந்ததும் அலைன்மெண்ட் பாருங்கள். ஹெட்லைட் வெளிச்சம் எங்கே விழுகிறது என்றும் ஒரு பார்வை.

செய்யக்கூடாதவை

• ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் கட்டையோ மரக்கட்டையோ செருகாதீர்கள். அந்த இடத்தில் ஸ்பிரிங் வேலை செய்யாது, மீதிச் சுற்றுகள் முழுப் பாரத்தையும் வாங்கும். வெல்டிங் வைப்பது, சூடு காட்டி இழுப்பது இரண்டும் அதைவிட மோசம். எஃகின் பதம் கெட்டு ஸ்பிரிங் ஓடும்போதே உடையலாம்.

• தாழ்ந்ததைச் சரிசெய்ய லிஃப்ட் கிட் வாங்காதீர்கள். சோர்ந்த ஸ்பிரிங் சோர்ந்தபடியேதான் இருக்கும். சக்கரத்தைச் சுழற்றும் அச்சிலுள்ள சிவி ஜாயிண்டின் கோணம் கூடி அதன் ரப்பர் உறை கிழியும். வண்டியின் எடை மேலே ஏறுவதால் சரிவில் கவிழும் ஆபத்தும் அதிகம்.

• ஸ்பிரிங் கம்ப்ரசர் இல்லாமல் ஸ்பிரிங்கைக் கழற்றாதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங் விடுபட்டால் முகத்தைத் தேடி வரும். நைட்ரஜன் அடைத்த ஷாக்கை வீட்டில் திறக்கவே கூடாது.

• நட்டு கழலாமல் பூட்டும் காட்டர் பின் வளைந்திருந்தால், அதை நிமிர்த்தி மறுபடி மாட்டாதீர்கள். சில்லறை விலைதான், புதிது போடுங்கள்.

• ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்ட் வைத்து, பின் சக்கரங்களுக்கு அடை கொடுத்த பிறகே கை நுழையட்டும்.

புது ஸ்பிரிங் முதல் சில ஓட்டங்களில் கொஞ்சம் அமரும். அதன் பிறகு டேப்பை எடுத்து இன்னொரு முறை அளந்து, பிரீலோடைச் சரிசெய்துகொள்ளுங்கள்.